பெரட்டில் வாசித்த தாள்

கறுப்பு மையில், கட்டத்துக்குள், பெரிய எழுத்தில் நிரப்பவும் என்று எல்லாப் படிவத்தின் தலையிலும் போட்டிருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த வரியைப் படிப்பதில்லை. நீல மையில், கட்டத்தைத் தாண்டி, பாதி பெரிய எழுத்தும் பாதி சின்ன எழுத்துமாக நிரப்பிக்கொண்டு வந்து, "சரியா இருக்கான்னு பாருங்க" என்று என்னிடம் நீட்டுவார்கள். தம்பினில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு நாங்கள் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அடையாள அட்டை, பள்ளிக்கூடம், கல்யாணப் பதிவு, மரணப் பதிவு என்று அண்டை அயலாருக்கு எத்தனையோ படிவங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

என் மகளின் படிவமும் திரும்பி வரவில்லை.

என் பெயர் புனிதன். வயது எழுபத்து நான்கு. இங்கிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்தேழு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தோட்டம் இப்போது இல்லை. மகள் ரோகினி வழக்கறிஞர். தெமியாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை, குடியிருப்பது பாரோயில். போன வருஷம் அவளுக்கு வக்கீல் தொழில் போதவில்லை. சட்டத்தில் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்குவதென்று கிளம்பினாள். என் மனைவி பஞ்சாலை இறந்ததும் அதே வருஷம்தான். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது ரோகினி வந்து, தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை என் முன் வைத்தாள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய ஆய்வுத் திட்டமாம். பதினெட்டுப் பக்கம். அதில் பன்னிரண்டு பக்கம், மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது. மீதியில் பாதி, அவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது. அதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். யாரும் கவனிக்காத ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அதில் நாலு வருஷம் போய் உட்கார்ந்திருப்பவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வேலையைப் பாம்புகள் செய்துகொண்டிருந்தன.

"இங்கிலீஷ் மட்டும் பாருங்கப்பா. கருத்துல கை வைக்காதீங்க லா" என்றாள்.

"கருத்துன்னு ஒன்னு இருந்தாத்தானே கை வைக்க."

பஞ்சாலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புள்ள வந்ததும் வராததுமா கொத்தாதீங்க. தோச ஆறுது."

"கொத்தட்டும்மா. கோர்ட்டுல ஜட்ஜுங்க கொத்துறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தேன். தலைப்பை மட்டும் தமிழில் சொல்கிறேன்: எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியின் கைநாட்டும், அவனுக்கு வாசித்துக் காட்டியவரின் பொறுப்பும். ஒரு தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாமல், வாசித்தவரை நம்பி ஒருவன் பெருவிரலை வைத்துவிட்டால் அந்தக் கைநாட்டு செல்லுமா, வாசித்தவர் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிற ஆள் என்றால் சட்டம் என்ன சொல்ல வேண்டும் என்பது கேள்வி. மூன்றாம் பக்கத்தில் உதாரணம் இருந்தது. உதாரணம் எங்கள் தோட்டம்.

"நம்ம கதைதான்பா" என்றாள். "நீங்க வாசிச்ச தாள் ஒன்னு. அவங்க கை வெச்ச தாள் வேற. நடுவுல கம்பெனிக்காரன் மாத்திட்டான். உங்களையும் சேர்த்து ஏமாத்திட்டான். அத நான் ப்ரூவ் பண்ணப் போறேன்."

இந்த விளக்கத்தை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்து ஜனங்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அடுப்படியில் தோசைக்கல்லின் மேல் எண்ணெய் தெளிக்கும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன்.

பெரட்டு என்றால் என்னவென்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. விடிந்தும் விடியாத நேரத்தில், ரப்பர் பால் வெட்டப் போகுமுன், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. துரையின் அறிவிப்பானாலும், ஆஸ்பத்திரிச் சீட்டானாலும், யார் வீட்டுப் பிள்ளைக்கோ பள்ளியிலிருந்து வந்த கடிதமானாலும், அங்கேதான் கிராணி தமிழில் வாசித்துச் சொல்வார். வாசித்து முடித்ததும் மைப்பெட்டி வரிசையோடு நகரும். தமிழில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் பெருவிரலைத்தான் வைப்பார்கள். தாளில் அதற்குத்தான் கட்டம் போட்டிருக்கும்.

நான் எப்போதும் வரிக்கு வரி வாசித்தவன் அல்ல. துரை எழுதும் ஆங்கிலத்தை அப்படியே சொன்னால் யாருக்குப் புரியும்? சாரத்தைச் சொல்வேன். இந்தச் சோம்பேறிகள் என்று அவர் எழுதியிருந்தால், இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை செய்யும்படி துரை கேட்டுக்கொள்கிறார் என்று வாசிப்பேன். ஒருத்தியின் மகன் பரீட்சையில் தவறியபோது, அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்ற கடைசி வரியை முதலில் வாசித்தேன். அவள் சந்தோஷமாகவே வேலைக்காட்டுக்குப் போனாள். இதையெல்லாம் யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. கிராணியார் வாயில் எல்லாமே நல்லதாக வருகிறது என்றுதான் சொன்னார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். துரை என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒன்றரைப் பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். நாளைக் காலைப் பெரட்டிலேயே எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டால் நல்லது என்றார். எதையும் மாற்றி வாசிக்கும்படி அவர் சொல்லவில்லை. அவரைப் பற்றி அப்படி எழுதினால் அது பொய். மேஜையின் மேல் கம்பெனியின் வேறொரு தாமானுடைய வரைபடம் விரித்திருந்தது. அதில் ஒரு மூலை வீட்டைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் வரைபடத்தைச் சுருட்டினார்.

அன்று சாயங்காலம் கோப்பி குடிக்கும்போது பஞ்சாலை கேட்டாள், தாளில் என்ன இருக்கிறதென்று. அவள் பால் வெட்டுகிற பெண். கிராணி ஒருவன் பால் வெட்டுகிறவளைக் கட்டினான் என்று பால் நிறுக்கும் ஸ்டோர் வரை பேசிச் சிரித்தார்கள், நான் பொருட்படுத்தவில்லை. அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். லயத்து வீடுகளைத் தொழிலாளர்கள் தாங்களாக விரும்பிக் காலி செய்கிறார்கள். மாற்று வீடு கேட்கும் உரிமை அவர்களுக்கு இனி இல்லை.

"வீடு கெடையாதா?" என்றாள்.

"கெடையாது."

மறுநாள் பெரட்டில் நான் வாசித்தது இது: லயத்து வீடுகளைக் காலி செய்கிறவர்களுக்கு, இதே நிலத்தில், குடும்பத்துக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுக்கப்படும்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டிதான் வரிசையில் முதல் ஆள். "கல்வீடுங்களா கிராணியாரே?" என்று கேட்டார்.

"கல்வீடுதான்."

பின்னால் யாரோ கை தட்டினார்கள். முனியாண்டி பெருவிரலை மையில் அழுத்தி, தாளிலும் அதே பலத்தோடு அழுத்தினார். எப்போது கட்டுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பிரதி கொடுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசைப்பட்டது காதில் விழுந்துவிட்டால் அதற்கு மேல் மனிதன் கேள்வி கேட்பதில்லை. அவர்கள் கேட்க விரும்பியதைத்தான் நான் வாசித்தேன். வேறெதை வாசித்திருந்தாலும் அழுதிருப்பார்கள், கடைசியில் வைக்கத்தான் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஒரு காலையாவது நன்றாக இருந்தது.

நான்காவதாகப் பஞ்சாலை நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு பெருவிரலை வைத்தாள். தப்பு என்று ஒன்று இருந்தால் அதில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

லயத்தை இடித்தார்கள். ஜனங்கள் பாரோய் பக்கத்து மலிவு அடுக்குமாடிகளுக்கும் சொந்தக்காரர்களின் பின்கட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு இந்த மூலை வீட்டுக்கு வந்தோம். கிராணி சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது என்று எல்லோரும் நினைத்தார்கள். பஞ்சாலை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. லயத்தில் ஒரு முழ இடம் கிடைத்தாலும் முருங்கைக் குச்சியை ஊன்றுகிறவள், இங்கே வீட்டின் பக்கவாட்டில் இருபதடி மண் கிடந்தும் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைக்கவில்லை. ஒருமுறை நான் வாங்கிவந்த மாங்கன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் அந்த இடத்துக்குச் சிமெண்டு போட்டு, காரை நிறுத்திக்கொண்டேன்.

ரோகினியின் விண்ணப்பத்துக்கு வருகிறேன். அவளுக்கு நெறியாளராக இருக்கச் சம்மதித்தவர் பேராசிரியர் ஹசீனா பேகம். அவருடைய தகப்பனார் சிரம்பானில் சாப்பாட்டுக்கடை நடத்தியவராம். நல்ல பிரியாணியை விட்டுவிட்டு மகள் சட்டத்துக்குப் போயிருக்கிறார். திட்டம் பிரமாதம், ஆனால் எல்லாம் செவிவழிச் செய்தியாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அன்று பெரட்டில் நின்று கைநாட்டு வைத்த ஒருவரின் வாக்குமூலம், சத்தியப் பிரமாணத்தோடு, ஒன்றாவது சேர்த்து அனுப்பினால்தான் குழு எடுத்துக்கொள்ளுமாம். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. கைநாட்டு வைத்த ஒருவர் ரோகினிக்குத் தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் இன்னொரு படிவம். வாக்குமூலம் கொடுப்பவரின் சம்மதப் படிவம். அதில் ஒரு விதி: பங்கேற்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், அவருக்குப் புரியும் மொழியில் ஒருவர் வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகை பெற வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருபத்தேழு வருஷம் மைப்பெட்டியோடு செய்ததைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டிருக்கிறது.

"நீங்களே வாசிங்கப்பா" என்றாள் ரோகினி. "அன்னைக்கு வாசிச்சவரே இன்னைக்கும் வாசிக்கிறாரு. முன்னுரையில எழுத நல்லாருக்கும் லா."

பஞ்சாலை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இவரு வாசிச்சா நான் கை வெக்க மாட்டேன்" என்றாள்.

"என்னாம்மா, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. நீ வாசி."

"எனக்கு அப்பா மாதிரி செந்தமிழ்ல வராதும்மா."

"ஒனக்கு வர்ற தமிழ்ல சொல்லு. எனக்கு அது போதும்."

ரோகினி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கிழவனுக்கும் கிழவிக்கும் ஊடல் என்று நினைத்திருப்பாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கிச் சொன்னாள். பஞ்சாலை கடைசிவரை கேட்டாள். குறுக்கே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாருக்காச்சும் இதுனால கெடுதல் வருமான்னு கேட்டிருக்கே. அதுக்கு நீ என்னா எழுதுன?"

"வராதுன்னு எழுதியிருக்கேன்."

"சரி" என்று பெருவிரலை வைத்தாள். "திங்கக்கெழம அந்த ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போ. அங்க வெச்சு எல்லாத்தையும் சொல்றேன். இங்க வேணாம்."

பசாருக்கு எதிரே, மாடியில் உட்கார்ந்திருக்கும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் திங்கள் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டு ரோகினி பாரோய் திரும்பினாள். அவளுடைய கார் முனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றோம்.

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"நடந்தத."

"இருபத்தேழு வருஷம் கழிச்சா?"

"இதுவரைக்கும் என்னை யாரும் கேக்கல. இப்ப புள்ள கேக்குது."

"கம்பெனி மாத்திட்டான்னே சொல்லிட்டுப் போயேன். அவளுக்குத் தேவையும் அதுதான்."

"அவ அத புஸ்தகமா போடுவா. நாலு பேரு படிப்பாங்க. என்னைக்காச்சும் ஒருத்தன் தோண்டிப் பாத்து, இவ அப்பன்தான் மாத்தி வாசிச்சான், மக அத மூடி மறைச்சு பட்டம் வாங்கிட்டான்னு சொல்ல மாட்டானா? பொய்ய அடியில வெச்சுக்கிட்டு அவ படிக்க வேணாங்க."

"என்னைப் பத்தி அவ என்ன நெனப்பா?"

"அத நீங்க பெரட்டுல நின்னப்ப யோசிச்சிருக்கணும்."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் எனக்கு ஆய்வு நெறிமுறை கற்றுக்கொடுத்துவிட்டு, துணி எடுக்கப் பின்பக்கம் போனாள்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நான் சட்டத்துக்குப் பயப்படவில்லை. ரோகினியின் ஆய்வுத் திட்டத்திலேயே ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு யார்மேலும் வழக்குப் போட முடியாதென்று. அந்த வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியை நான்தான் திருத்தினேன். வீட்டையும் யாரும் பிடுங்க முடியாது. என் கவலை முழுக்க ரோகினியைப் பற்றியது. தகப்பன் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு வரக்கூடாது. ஒன்று, அவள் ஆய்வை விட்டுவிடுவாள். அல்லது அப்பாவை விட்டுவிடுவாள். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் அவளுக்குத்தான். பஞ்சாலை இதை யோசிக்கவில்லை. யோசிப்பது எப்போதும் என் வேலையாக இருந்தது.

பஞ்சாலைக்கு எட்டு வருஷத்துக்கு முன் இருதய வால்வு மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அவ்வப்போது ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அந்த வாரம் பல்வலி என்று டவுனில் ஒரு கிளினிக்கில் வேறு மாத்திரைகள் வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். வியாழக்கிழமை வழக்கமான பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அவள் பெயரில் இருந்தாலும் என் கைப்பேசிக்குத்தான் வரும். மலாயில் எழுதியிருந்தது: இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருக்கிறது. மாத்திரையை உடனே நிறுத்தவும். இன்றே ஆஸ்பத்திரிக்கு வரவும்.

பஞ்சாலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னா போட்டிருக்காங்க?" என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். இரத்தம் நன்றாக இருக்கிறது. மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடவும். அடுத்த மாதம் வரவும்.

"நல்லதாப் போச்சு" என்று கீரையைத் தண்ணீரில் போட்டாள்.

கைநாட்டு என்றால் என்னைச் சந்தேகப்படுகிறவள், மருந்து என்றால் சந்தேகப்படவில்லை. அதற்காக நான் அவளைக் குறைசொல்ல மாட்டேன். ஐம்பது வருஷப் பழக்கம் ஒரு புதன்கிழமையில் போய்விடாது.

மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவளேதான் டப்பாவைத் திறந்து போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை முழங்கையின் உட்பக்கம் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. துணி துவைக்கும்போது இடித்திருக்கும் என்று சொன்னாள். நானும் இருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவலி என்று படுத்தாள்.

"ரோகினிக்குப் போன் போடுங்களேன்" என்றாள்.

"நாளைக்கு வரத்தானே போறா" என்றேன்.

கூடத்தில் உட்கார்ந்து ரோகினியின் விண்ணப்பத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து பஞ்சாலை ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன். பதினெட்டாம் பக்கத்தையும் முடித்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். ஆம்புலன்சுக்கு அழைத்தது நான்தான் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

திங்கள் காலை இறந்தாள். ரோகினி மாடிக்குப் போக வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மூளையில் இரத்தக்கசிவு என்று இளம் டாக்டர் ஒருவர் சொன்னார். வெள்ளிக்கிழமை செய்தி வரவில்லையா என்று கேட்டார். வந்தது என்று கைப்பேசியைக் காட்டினேன். அன்றே வாசித்துச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றும் சொன்னேன், பல்வலி மாத்திரையைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டாள் போலிருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவள் என்றேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எதையும் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள் என்று படித்தவர்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு நான் வாழ்நாள் முழுக்கப் பிழைத்தேன்.

இறுதிச் சடங்குக்கு முனியாண்டி பாரோயிலிருந்து யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து வந்தார். எண்பது தாண்டிவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கிராணியாரே, தோட்டத்துக்கே வாசிச்சுச் சொன்னீங்க. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நீங்கதான் கண்ணு" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு அல்ல. அவள் போட்ட கோப்பியைப் போல் இந்தத் தம்பினில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவள் படுக்கும் பக்கம் மெத்தை இன்னும் பள்ளமாகவே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் புரளுவதில்லை.

ரோகினி விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுகிறேன் என்றாள். "அம்மா சொல்ல வந்தது என்னான்னே தெரியலையே. இனிமே எதுக்குப்பா?"

"அம்மா சொல்ல வந்தத நான் சொல்றேன்" என்றேன்.

புதன்கிழமை அந்த மாடிக்கு நானே ஏறினேன். தாளில் இருந்ததைத்தான் வாசித்தேன், பிறகு கம்பெனி தாளை மாற்றிவிட்டது, என் மனைவி உயிரோடு இருந்தால் இதையே சொல்லியிருப்பாள் என்று சத்தியம் செய்தேன். ஆணையர் பாதி கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார். வாக்குமூலத்தைப் படித்துவிட்டுப் பேராசிரியர் ஹசீனா பேகம், கைநாட்டு வைத்தவருக்குப் பதில் வாசித்தவரே சொல்வது இன்னும் பலம், உங்கள் தந்தை ஒரு பொக்கிஷம் என்று ரோகினிக்கு எழுதினார். அனுமதிக் கடிதம் ஏழு வாரத்தில் வந்தது. ரோகினி அதை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் என்ன போடுவதென்று இப்போதே முடிவு செய்துவிட்டாள்: அம்மாவுக்கும், அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய அப்பாவுக்கும்.

இப்போது சனிக்கிழமைகளில் அவளோடு பாரோய் அடுக்குமாடிகளுக்குப் போகிறேன். அன்று பெரட்டில் நின்றவர்களில் பத்தொன்பது பேர் மிச்சமிருக்கிறார்கள். சம்மதப் படிவத்தை அவர்களுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். முனியாண்டி முழுவதையும் கேட்கக்கூட இல்லை. "நீங்க வாசிச்சாப் போதும் கிராணியாரே" என்று பெருவிரலை நீட்டினார். கல்வீடு இனியாவது கிடைக்குமா என்று ஒரு கிழவி கேட்டாள். முயற்சி நடக்கிறது என்றேன். அவள் முகம் மலர்ந்ததை ரோகினி படம் எடுத்துக்கொண்டாள்.

இந்த நோட்டுப்புத்தகத்தை நான் மறைத்து வைப்பதில்லை. ரோகினியைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று பஞ்சாலை சொன்னாள். நான்தான் மலாய்ப் பள்ளியில் போட்டேன். அவளுக்குத் தமிழ் பேச வரும்; ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. போன வாரம் மேஜைமேல் இதைப் பார்த்து, பக்கங்களைப் புரட்டினாள்.

"என்னாப்பா எழுதிட்டு இருக்கீங்க?"

"அம்மாவப் பத்தி."

"எனக்கும் வாசிச்சுக் காட்டுங்களேன்."

உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து, அவசரப்படாமல் வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை பகுதி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவை நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று சொல்லி நெடுநேரம் அழுதாள். அவள் அழுததைப் பார்த்தால், நான் எழுதியதற்கும் வாசித்ததற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது.